மார்ஃபியா: தோல் இறுகிப் போகும் முன்

ஆந்திராவின் சித்தூர், பலமநேர், குப்பம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் உடம்பில் வெளுத்த திட்டு தெரிந்தால் முதலில் வருவது குஷ்டமோ என்ற பயம்தான். தொழுநோய் மிகுந்திருந்த வட்டாரம் இது. எல்லைக்கு இந்தப் பக்கம், வேலூர் அருகே கரிகிரியில் 1955இல் அதற்கென்றே மருத்துவமனை வந்தது. பயத்தில் பாதிப் பேர் திட்டை மறைக்கிறார்கள், மீதிப் பேர் தேமல் களிம்பு பூசிப் பார்க்கிறார்கள். திட்டு, தோல் இறுகும் மார்ஃபியா நோயாக இருந்தால் இப்படிக் கழியும் மாதங்கள்தான் பெரிய இழப்பு.

மார்ஃபியாவில் உடம்பின் எதிர்ப்பு அணுக்களே தோலில் அழற்சியை உண்டாக்குகின்றன. அதன் தூண்டுதலில் கொலாஜன் என்ற நார்ப் புரதம் அளவுக்கு மீறிச் சேர்ந்து தோல் இறுகுகிறது. தொடக்கத்தில் திட்டின் ஓரம் லேசாக வீங்கி, நம் நிறத்தில் நாவல்பழக் கறை போலத் தெரியும். பிறகு நடுப்பகுதி பளபளத்து வெளுத்துக் கட்டியாகும். கடைசியில் மெலிந்து, குழிந்து, பழுப்பாகும். மருந்து வேலை செய்வது அழற்சியின் மீது. குழிந்து போனதை நிமிர்த்த அதால் முடியாது. மார்ஃபியா தொற்றாது. நுரையீரலைத் தாக்கும் ஸ்க்ளீரோடெர்மாவாக மாறுவதும் இல்லை. குளிரில் விரல் வெளுப்பது, விரல் நுனியில் புண், விழுங்கச் சிரமம், மூச்சிரைப்பு இவை இருந்தால் அது வேறு நோய், வேறு பரிசோதனை.

தொழுநோயிலும் மார்ஃபியாவிலும் முடி உதிரும், வியர்வை நிற்கும். அதனால் அவற்றை வைத்துப் பிரிக்க முடியாது. கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் தொட்டால் தொழுநோய்த் திட்டில் உணர்ச்சி குறைந்திருக்கும், மார்ஃபியாவில் பெரும்பாலும் தெரியும். இரண்டு விரலால் கிள்ளித் தூக்கினால் மார்ஃபியாத் திட்டு மடிப்பாக எழும்பாது. சந்தேகம் இருந்தால் சதைப் பரிசோதனை. பரவும் ஓரத்திலிருந்து, தோலடிக் கொழுப்பு வரை எடுக்க வேண்டும். மேலோட்டமாகச் சுரண்டி எடுத்த துண்டை வைத்து ஆய்வகத்தால் எதுவும் சொல்ல முடியாது.

மேலோட்டமான சில திட்டுகள் மட்டும் என்றால் 0.1 சதவீத டாக்ரோலிமஸ் களிம்பு தினம் இருவேளை, அல்லது சில வாரங்களுக்கு வீரியமான ஸ்டீராய்டு களிம்பு, தேவைப்பட்டால் ஒளிச் சிகிச்சை போதும். குழந்தையின் கை, கால், நெற்றியில் கோடாக இறங்கும் வகைக்குக் களிம்போடு நிற்கக் கூடாது. அது கொழுப்பு, தசை, எலும்பு வரை போகும். கால் குட்டையாகும், மூட்டு மடங்கி நிற்கும். நெற்றிக் கோட்டுக்குக் கண் பரிசோதனை அவசியம். தலைவலி, வலிப்பு இருந்தால் எம்.ஆர்.ஐ.யும் வேண்டும்.

கோடு வகைக்குத் தரப்படுவது எதிர்ப்பு அணுக்களை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை. குழந்தைகளுக்கு உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 15 மி.கி., வாரத்துக்கு ஒரே ஒரு நாள். முதல் மாதங்களில் ஸ்டீராய்டும் சேரும். விபரீதம் இந்த இடத்தில்தான் நடக்கிறது. தினமும் விழுங்கினால் வாய் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்து. அதோடு கொடுக்கும் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினும் பெரும்பாலும் அதே மாதிரிச் சிறிய மஞ்சள் மாத்திரை. வேலூரில் எழுதிய சீட்டுக்குச் சித்தூர்க் கடையில் மருந்து வாங்கி, கவர் மேல் தெலுங்கில் எழுதியதைத் தமிழ் மட்டும் படிக்கும் பாட்டி பார்த்துக் கொடுக்கும் வீடுகள் உண்டு. கிழமையைத் தமிழில் பெரிதாக எழுதிக் காலண்டரிலும் குறியுங்கள். எத்தனை மாத்திரை என்று மட்டும் நினைவில் வைக்காதீர்கள். 2.5 மி.கி. ஆறு சேர்ந்தால் 15. கடைக்காரர் 10 மி.கி. அட்டையை மாற்றிக் கொடுத்தால் அதே ஆறு, 60 ஆகிவிடும்.

தொடங்கிய சில வாரங்களிலும், பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியிலும் ரத்த அணு, கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனை வேண்டும். அதற்கு வேலூர் வரத் தேவையில்லை, உள்ளூர் லேப் போதும். காய்ச்சலுக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ கோ-டிரைமாக்ஸசோல் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்தால் மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுவதைச் சொல்லி மறுத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் எலும்பு மஜ்ஜை அடிவாங்கும். வாய்ப்புண், காய்ச்சல் வந்தால் அந்த வார மருந்தை நிறுத்திவிட்டு உடனே ரத்தம் பாருங்கள். கர்ப்பம் இருக்கும்போது இந்த மருந்து கூடவே கூடாது.

தோல் இளகியதும் மருந்தை விட்டுவிடுவதுதான் அடுத்த தவறு. அழற்சி அடங்கிய பின்னும் குறைந்தது ஒரு வருடம் தொடர வேண்டும்.

எண்ணெய் தடவுவதில் தப்பில்லை. அழுத்தித் தேய்ப்பதும் சூடு ஒத்தடமும்தான் கூடாது, உராயும் இடத்தில் புதுத் திட்டு வரலாம். பாவாடை நாடா, அரைஞாண் கயிறு இறுகும் இடுப்பிலேயே வட்டமாகத் திட்டுகள் எழும்புவது உண்டு. நாடாவைத் தளர்த்துங்கள், அல்லது அகலப் பட்டிக்கு மாறுங்கள். மூட்டுக்கு மேல் திட்டு இருந்தால் பிசியோதெரபிஸ்ட் காட்டியபடி தினமும் நீட்டி மடக்க வேண்டும். வலிக்கிறது என்று விட்டால் மூட்டு அப்படியே நின்றுவிடும்.

திட்டின் மேல் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளை வைத்து ஓரத்தை வரைந்து, தேதி போட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒப்பிட்டால் பரவுகிறதா என்பது தெளிவாகத் தெரியும். மருந்தை நிறுத்திச் சில வருடம் கழித்தும் நோய் திரும்பலாம் என்பதால் அந்தத் தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள். குழந்தை என்றால் வளர்ச்சி முடியும் வரை இரு கால்களின் நீளத்தையும் அளந்து அதிலேயே எழுதி வாருங்கள்.