‘கேஸ் போடுவோம்’ என்று போனில் மிரட்டினால்: கணக்கில் தகராறு உள்ள கடனுக்கு என்ன பதில் தருவது?

பர்சனல் லோனைக் கட்டி முடித்தாகிவிட்டது. அல்லது முடித்ததாக நீங்கள் நம்புகிறீர்கள். திடீரென்று வாட்ஸ்அப்பில் தராசுப் படம் போட்ட ஒரு தாள் வருகிறது: ‘இவ்வளவு பாக்கி, இன்று மாலைக்குள் கட்டாவிட்டால் கைது.’ பத்து நிமிடத்தில் கலெக்‌ஷன் ஏஜென்ட்டின் போன்.

கைது என்ற வார்த்தையைப் பார்த்துக் கலங்க வேண்டாம். கடனைக் கட்டாதது உரிமையியல் (சிவில்) விவகாரம். வசூலித்துத் தருவது போலீஸின் வேலை இல்லை. நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போய், தீர்ப்பு வாங்கி, அதன் பிறகுதான் சொத்திலோ சம்பளத்திலோ கை வைக்க முடியும். மோசடி, பொய் ஆவணம் என்று கிரிமினல் புகார் எழுந்தால் அது வேறு கதை.

இந்தத் தாளைவிட அதற்கு நீங்கள் தரும் பதிலில்தான் அதிகக் கவனம் வேண்டும். அடமானம் இல்லாத கடனுக்கு வழக்குப் போட 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் பொதுவாக 3 ஆண்டுகள் தருகிறது. அந்த 3 ஆண்டு முடிவதற்குள் ‘ஆமாம், பாக்கி இருக்கிறது’ என்று கையெழுத்திட்டு எழுதிக்கொடுத்தால், அன்றிலிருந்து 3 ஆண்டுக் கணக்கு புதிதாகத் தொடங்கும். கெடு முடிந்த பிறகும்கூட, கட்டுகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டால் அது புது ஒப்பந்தம். ‘சும்மா ஐந்நூறு ரூபாய் டோக்கன் போடுங்க சார், மேலிடத்துல பேசிக்கிறேன்’ என்று ஏஜென்ட் இழைவது உங்கள் மேல் இரக்கப்பட்டு இல்லை, கடனை நீங்கள் ஒத்துக்கொண்டதாகக் காட்டத்தான். மறுக்கும் கடனுக்கு ஒரு ரூபாயும் போடாதீர்கள். குறைத்துக் கட்டி முடிக்கும் செட்டில்மென்டுக்குத் தலையாட்டினால், உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று ஏறும். அடுத்த வீட்டுக் கடன் கேட்கும்போது அது குறுக்கே நிற்கும்.

போனில் வாதாட வேண்டாம். பேசுபவரின் பெயர், நிறுவனம், நேரம் மூன்றையும் குறித்துக்கொண்டு, ‘எழுத்தில் அனுப்புங்கள்’ என்று சொல்லி வைத்துவிடுங்கள். பிறகு ஏஜென்ட்டுக்கு இல்லாமல், நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். இவ்வளவு போதும்:

‘கடன் கணக்கு எண் ___ பற்றி இன்று வந்த செய்தியில் கூறப்பட்ட தொகையை நான் மறுக்கிறேன். ஒப்பந்த நகல், முழுக் கணக்கு அறிக்கை, செய்தி அனுப்பியவருக்கு நீங்கள் வழங்கிய வசூல் அதிகாரக் கடிதம் ஆகியவற்றை அனுப்பவும். இனித் தொடர்பு எழுத்து மூலம் மட்டும்.’

கதை வேண்டாம், குடும்பக் கஷ்டம் வேண்டாம், மன்னிப்பு வேண்டவே வேண்டாம். கடன் முடிந்ததற்கு நிறுவனம் தந்த என்ஓசி (தடையில்லாச் சான்று) கையில் இருந்தால் இணைத்து அனுப்புங்கள். பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ வசூலுக்கு அழைக்கக் கூடாது. உறவினர், நண்பர்களுக்குப் போன் போட்டு மானத்தை வாங்கவும் கூடாது. ஏஜென்ட் செய்வதற்கு நிறுவனமே பொறுப்பு. கடன் வசூலில் மிரட்டல், தொல்லையைத் தடுக்க 2025-இல் தமிழ்நாடு சட்டமன்றமும் தனிச் சட்டம் இயற்றியிருக்கிறது. ஸ்கிரீன்ஷாட்டுகளை அழிக்காதீர்கள்.

புகாருக்கு நிறுவனம் 30 நாளில் பதில் தராவிட்டால், அல்லது பதில் சப்பென்று இருந்தால், ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) சிஎம்எஸ் என்ற அதன் புகார் தளத்தில் முறையிடலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. விளக்கம் கேட்க 14448. சிபிலில் தவறாக ஏறியிருந்தால் அங்கும் தனியே மறுப்புத் தெரிவியுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதன் பிறகு நாளுக்கு ₹100 இழப்பீடு உங்களுக்கு வர வேண்டும். பெயர் தெரியாத கடன் செயலி என்றால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

எல்லாத் தாளையும் மிரட்டல் என்று ஒதுக்கிவிடக் கூடாது. காசோலை திரும்பியதற்கான நோட்டீஸ் வந்தால் பணம் கட்ட 15 நாள்தான். அதைத் தாண்டினால் கிரிமினல் வழக்கு. கணக்கிலிருந்து தானாக எடுக்கும் நாச் தவணை திரும்பினாலும் இதே வகைச் சட்டம் உண்டு. நீதிமன்றச் சம்மன் வந்தால், வழக்கு எண்ணை ஈ-கோர்ட்ஸ் தளத்தில் சரிபார்த்துவிட்டு ஆஜராகுங்கள்.

மக்கள் நீதிமன்ற அழைப்பு இவ்வளவு பயமுறுத்தாது. அங்கே உங்கள் சம்மதம் இல்லாமல் எதுவும் முடிவாகாது. போனாலும் தொகையை ஒத்துக்கொள்ளாமல் வரலாம்.

பலர் கோட்டை விடுவது ஆர்பிட்ரேஷன் நோட்டீஸில், அதாவது நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு நடுவர் விசாரிக்கும் முறைக்கான நோட்டீஸில். எங்கோ வெளியூரில் உட்கார்ந்திருக்கும் நடுவர், நீங்கள் பதிலே போடாவிட்டால் நீங்கள் இல்லாமலேயே தீர்ப்பு எழுதிவிடலாம். அது நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே நிறைவேற்றப்படும். நிறுவனம் தானாக நியமித்த நடுவரை ஏற்கவில்லை என்று முதல் கடிதத்திலேயே எழுதுங்கள். ஒருதலைப்பட்ச நியமனம் செல்லாது என்பது உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு. தீர்ப்பு ஏற்கெனவே வந்துவிட்டதா? கையில் கிடைத்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் எதிர்த்து மனுப் போட வேண்டும். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், எண் 15100. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமலேயே இலவச உதவி உண்டு.