மனச்சோர்வு இருந்தால் ஹிப்னாடிசம் பலிக்குமா?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் என்று எங்கள் பாலக்காட்டு எல்லைப் பக்கத்தில் ஹிப்னாடிசம் என்றால் பலருக்கும் மேஜிக் மேடைதான் ஞாபகம் வரும். அதனால் மனச்சோர்வில் இருப்பவரிடம் டாக்டர் அந்தப் பேச்சை எடுத்தாலே வீட்டில் பயந்துவிடுகிறார்கள், அவரோ "எனக்கெல்லாம் அது பலிக்காது" என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிடுகிறார். எனக்குக் கவலை தருவது இந்த முடிவுதான்.

ஹிப்னாசிஸில், அதாவது ஹிப்னாடிசத்தால் வரும் அந்த நிலையில், யாரும் தூங்குவதில்லை. கவனம் ஒரே இடத்தில் குவிகிறது, "கை கனக்கிறது" என்று சொன்னால் நாம் இறக்காமலே கை இறங்குவது போலத் தோன்றுகிறது. இந்தத் திறனை அளக்க 1959-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வைட்சென்ஹாஃபர், ஹில்கார்ட் என்ற உளவியலாளர்கள் 12 சோதனைகள் கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கினார்கள். பெரும்பாலோர் நடுவில்தான் வருவார்கள். 25 வருஷம் கழித்து அதே ஆட்களை மறுபடி அளந்தபோதும் மதிப்பெண் பெரிதாக மாறவில்லை என்று 1989-இல் வந்த ஆய்வு காட்டியது. அவ்வளவு நிலையாக நிற்கும் ஒரு சுபாவத்தைச் சில மாத மனச்சோர்வு துடைத்துவிடும் என்று நான் நம்பவில்லை.

மாறுவது அனுபவம். மனச்சோர்வில் கவனம் ஏற்கனவே குவிந்துதான் இருக்கிறது, ஆனால் "என்னால்தான் எல்லாம் கெட்டது" என்ற ஒரே நினைப்பில் சுற்றிச் சுற்றி மாட்டிக்கொண்டு. அப்புறம் நினைவு. சந்தோஷமான ஒரு நாளைக் கண்முன் கொண்டுவரச் சொன்னால், மலம்புழா அணைக்குப் போன அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வராது, "சின்ன வயசில் எங்கெங்கோ போவோம்" என்று மங்கலாகத்தான் வரும். உளவியலாளர் மார்க் வில்லியம்ஸ் 1980-களிலிருந்து இதை ஆராய்ந்திருக்கிறார், இது நோயின் இயல்பு, நோயாளியின் சோம்பல் கிடையாது. போதாததற்கு, பலிக்கும் என்ற எதிர்பார்ப்புக்கு ஹிப்னாசிஸில் பெரிய பங்கு உண்டு என்று இர்விங் கிர்ஷ் போன்ற உளவியலாளர்கள் காட்டியிருக்கிறார்கள், மனச்சோர்வு முதலில் பறித்துக்கொள்வதே அந்த எதிர்பார்ப்பைத்தான்.

ஆகவே எடுத்த எடுப்பில் அழகான கடற்கரையைக் கற்பனை செய்யச் சொல்வதைவிட, உள்ளங்கையில் லேசான சூடு என்று சின்னதாகத் தொடங்குவது நல்லது. அது நடந்தால் அடுத்ததை நம்ப ஒரு காரணம் கிடைக்கும்.

ஜெர்மனியின் டூபிங்கனில் லேசான, நடுத்தர மனச்சோர்வு உள்ள 152 பேரிடம் செய்த ஆய்வு 2021-இல் வெளியானது. ஹிப்னாசிஸ் சிகிச்சை பெற்றவர்கள், சிந்தனையை மாற்றும் வழக்கமான பேச்சு சிகிச்சை பெற்றவர்களைவிடப் பின்தங்கவில்லை. கடுமையான மனச்சோர்வுக்கு இதை அப்படியே பொருத்தக் கூடாது. மருந்தையும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வந்தால் உடனே 14416-க்கு அழையுங்கள், டெலி மானஸ் என்ற அரசு உதவி எண், இலவசம், தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம்.