வடைச்சட்டியில் எண்ணெய்க்கு என்ன ஆகிறது?

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “நெய்யும் தேங்காய் எண்ணெயும் இதயத்துக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதால் சூரியகாந்தி எண்ணெய்க்கு மாறிவிட்டோம். பூரி, வடை எல்லாம் அதில்தான். பொரித்து மிஞ்சியதை மறுபடியும் காய வைக்கிறோம். சரிதானே?”

நெய்யிலும் தேங்காய் எண்ணெயிலும் நிறைந்திருக்கும் நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்து, அந்த இடத்தில் சூரியகாந்தி போன்ற எண்ணெயைச் சேர்த்தால் ரத்தத்தில் எல்டிஎல் எனப்படும் ‘கெட்ட’ கொலஸ்ட்ரால் குறையும். இதில் சந்தேகமில்லை. ஆனால் எல்டிஎல் குறைந்தாலே ஆயுள் கூடிவிடும் என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் மினசோட்டாவில் 1968 முதல் 1973 வரை நடந்த பரிசோதனையில் நிறைவுற்ற கொழுப்புக்குப் பதில் சோள எண்ணெய் கொடுத்தார்கள். கொலஸ்ட்ரால் இறங்கியது, இறப்பு குறையவில்லை. அதன் தரவுகளில் பெரும்பகுதி முடங்கிக் கிடந்து, 2016-இல்தான் மறு ஆய்வாக வெளிவந்தது. வேறு சில பரிசோதனைகளில் பலன் தெரிந்தது என்பதும் உண்மை. இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. எண்ணெயைக் குறைத்துவிட்டு வெள்ளைச் சோற்றையும் சர்க்கரையையும் கூட்டுவதால் மட்டும் நிச்சயம் பலனில்லை.

எனக்கு உள்ள குறை வேறு. இந்த அறிவுரையெல்லாம் பாக்கெட்டில் இருக்கும் எண்ணெயைப் பற்றியது. நம் வயிற்றுக்குள் போவதோ வாணலியில் காய்ந்த எண்ணெய்.

சாதாரண சூரியகாந்தி எண்ணெயில் ஏறக்குறைய 60 சதவீதம் லினோலியிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். அது 18 கார்பன்கள் கொண்ட சங்கிலி. 9-க்கும் 10-க்கும் நடுவே ஓர் இரட்டைப் பிணைப்பு, 12-க்கும் 13-க்கும் நடுவே இன்னொன்று. இரண்டுக்கும் இடையில் சிக்கிய 11-ஆவது கார்பனில்தான் எல்லாம் தொடங்குகிறது. அதன் ஹைட்ரஜன் கழன்றால், தனித்துவிடப்படும் எலக்ட்ரான் ஐந்து கார்பன்களிலும் பரவிக்கொள்ள இடமிருக்கிறது. அதனாலேயே அந்த ஹைட்ரஜன் கழல அதிக ஆற்றல் வேண்டியதில்லை. கழன்ற இடத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜன் வந்து ஒட்டுகிறது. ஆக்சிஜன் ஏறிய மூலக்கூறு பக்கத்திலிருப்பதன் ஹைட்ரஜனைப் பிடுங்குகிறது. பறிகொடுத்த மூலக்கூறும் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு அடுத்ததிடம் போகிறது. ஒரே ஒரு பொறி, நூற்றுக்கணக்கான மூலக்கூறுகள்! இப்படிச் சேரும் பெராக்சைடுகள் சூட்டில் உடைந்து ஆல்டிஹைடுகள் என்ற சிறு சேர்மங்களாகின்றன. சிக்கு வாடை அவற்றின் வேலைதான். அவற்றில் சில, உடலின் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளக்கூடியவை.

இரட்டைப் பிணைப்பு ஒன்றே ஒன்று உள்ள ஓலியிக் அமிலத்தைவிட லினோலியிக் அமிலம் சுமார் பத்து மடங்கு வேகமாக இப்படிக் கெடும். கடலை எண்ணெயில் ஓலியிக்தான் அதிகம். தேங்காய் எண்ணெயில் லினோலியிக் 2 சதவீதம் அளவுக்குத்தான். அது சூட்டைத் தாங்கும், ஆனால் எல்டிஎல்லை ஏற்றும். நல்லெண்ணெய் ஓர் அதிசயம். லினோலியிக் 40 சதவீதம் இருந்தும் சட்டென்று கெடாது. அதிலுள்ள செசமோலின் என்ற பொருள் சூட்டில் உடைந்து செசமாலாகிறது. செசமால் தன் ஹைட்ரஜனைக் கொடுத்து அந்தச் சங்கிலியை அறுத்துவிடுகிறது. இதை வைத்துக்கொண்டு செக்கு எண்ணெய் சகல நோயையும் தீர்க்கும் என்று விற்பது மூடநம்பிக்கை.

பொரித்த எண்ணெயில் இத்தகைய சிதைவுப் பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது 2018 முதல் நாட்டின் உணவுப் பாதுகாப்பு விதி. மாலையெல்லாம் அடுப்பிலேயே இருக்கும் பஜ்ஜிச் சட்டியில் அது எவ்வளவு இருக்கிறது என்று தெருத்தெருவாக அளக்க எந்த எண்ணெய் நிறுவனமும் பணம் தராது. அரசுதான் தர வேண்டும்.

வீட்டில் அகலமான வாணலி வேண்டாம். காற்றுப் படும் பரப்பு கூடும். குழிவான சின்னச் சட்டியில் கால் லிட்டர் ஊற்றி நாலு நாலாகப் பொரியுங்கள். 170 முதல் 180 டிகிரி போதும்: கிள்ளிப் போட்ட மாவு உடனே மேலே வர வேண்டும், கருகக்கூடாது. உளுந்து மாவில் தண்ணீர் கூடினால் எண்ணெய் நீராற்பகுப்பு அடைந்து, அதாவது தண்ணீரால் உடைந்து, அடுத்த முறை சீக்கிரமே புகையும். தூளை வடிகட்டி, மூடி, இருட்டில் வைத்து, இரண்டு மூன்று நாளில் தாளிக்கத் தீர்த்துவிடுங்கள். அதைப் புது எண்ணெயோடு கலக்காதீர்கள். அதிலுள்ள பெராக்சைடுகள் புதியதிலும் தொடர்வினையைத் தொடங்கிவைக்கும். நுரை அடங்காமல் பொங்கினாலோ, பாகுபோல் கெட்டிப்பட்டாலோ கொட்டிவிட வேண்டியதுதான். சிங்க்கில் மட்டும் ஊற்றாதீர்கள், குழாயில் பிசுக்கு அடைக்கும்.