4 மணிக்கு வச்சா ஏன் 4:23க்கு வருது? பூக்கடை மெசேஜும் தூங்குற புரோகிராமும்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல மல்லி மொத்தமா எடுத்து திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் பூக்கட்டுறவங்களுக்கு அனுப்புற அக்கா ஒருத்தங்க போன வாரம் எனக்கு நீளமா ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டாங்க. முன்னாடியெல்லாம் ராத்திரி 9 மணிக்கு உக்காந்து யாருக்கு எத்தன கிலோன்னு ஒவ்வொருத்தருக்கா ஃபோன் போட்டுக் கேட்டு நோட்டுல எழுதுவாங்களாம், ஒன்றரை மணி நேரம் அதுலயே போயிரும். இப்ப அக்கா மகன் ஒரு கூகுள் ஃபார்ம் செஞ்சு குடுத்துட்டான், எல்லாரும் அதுல போட்டுர்றாங்க, அது ஷீட்ல போய் விழுகுது, காலைல 4 மணிக்கு ஆப்ஸ் ஸ்கிரிப்ட்னு ஷீட்டோட ஒட்டி ஓடுற ஒரு குட்டி புரோகிராம் மொத்தத்தையும் கூட்டி மார்க்கெட்ல நிக்கிற தம்பியோட டெலிகிராமுக்கு அனுப்பிருது.

இதுல அக்காவுக்கு ரெண்டு சந்தேகம். ஒரு நாள் ராத்திரி பூரா கரண்டு இல்ல, அவங்க ஃபோனும் செத்துப் போச்சு, லேப்டாப்பும் மூடிக் கெடந்துச்சு, அப்பயும் தம்பிக்கு மெசேஜ் போயிருச்சு, அப்ப யாரு முழிச்சிருந்து மணி பாக்குறது? ரெண்டாவது, 4 மணின்னு வச்சா ஏன் 4:23க்கு வருது, அதுவும் தினமும் அதே 4:23? எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி இது, பத்து வருஷமா யாராச்சும் கேக்க மாட்டாங்களான்னு இருந்தேன்.

மொத பாதி சுலபம். ஷீட்டும் அந்தக் குட்டி புரோகிராமும் உங்க ஃபோன்ல இல்லக்கா, கூகுளோட சர்வர்ல, அதாவது எந்நேரமும் ஓடுற அவங்க கம்ப்யூட்டர்ல இருக்கு, நம்ம ஃபோன் அத எட்டிப் பாக்குற ஜன்னல் மட்டும்தான். அங்க மணி எப்படித் தெரியும்னா குவார்ட்ஸ் கல்லு, கைக்கடிகாரத்துல இருக்குற அதே சமாச்சாரம், கரண்டு குடுத்தா ஒரே சீரா துடிக்கும், கடிகாரக் கல்லு செகண்டுக்கு 32,768 தடவ, அத 15 தடவ பாதியாக்குனா செகண்டுக்கு ஒண்ணுன்னு வந்துரும். அந்த மாதிரி சர்வர் நேரத்த எண்ணுறதுல கிழமை தேதியெல்லாம் கெடையாது, 1970 ஜனவரி 1 கிரீன்விச் நள்ளிரவுல இருந்து இது வரைக்கும் எத்தன செகண்டுன்னு ஒரே ஒரு நம்பர்தான் பெருகிக்கிட்டே போகும். நம்ம மதுரைல காலைல 4 மணின்னா கிரீன்விச்ல முந்தின ராத்திரி 10:30, அந்த நேரத்துக்கு ஒரு நம்பர் இருக்கும்ல, அதுதான் உங்க வேலையோட நேரம்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். உங்களுக்கு ஒரு வேலை, எனக்கு ஒரு வேலை, ஊருல உள்ளவன் எல்லாருக்கும் ஒவ்வொரு வேலைன்னு லட்சக்கணக்குல இருந்தா எது எப்பன்னு எப்படி ஞாபகம் வச்சுக்குறது?

1979ல வந்த யூனிக்ஸ்ங்கிற ஆபரேட்டிங் சிஸ்டத்தோட ஏழாவது பதிப்புல கிரான்னு ஒரு புரோகிராம் இருந்துச்சு, அது ஒவ்வொரு நிமிஷமும் எந்திரிச்சு, லிஸ்ட்ட மேல இருந்து கீழ வரைக்கும் வாசிச்சு, இந்த நிமிஷத்துக்கு எதாச்சும் இருக்கான்னு பாத்து, இருந்தா செஞ்சுட்டு, திரும்பப் படுத்துரும். ஒரு மெஷினுக்கு ஒரு லிஸ்ட்டுன்னா சரி. அமெரிக்காவுல பர்டியூ யுனிவர்சிட்டில ஒரே மெஷின்ல இருந்த 100 பேருக்கும் தனித்தனியா இத விரிச்சுப் பாத்தாங்க, மெஷின் பாரம் தாங்கல. அங்க இருந்த ராபர்ட் பிரவுன் அப்பத்தான் யோசிச்சாரு, எதுக்கு நிமிஷத்துக்கு நிமிஷம் எந்திரிக்கணும், அடுத்த வேலை எப்பன்னு மட்டும் தெரிஞ்சா அது வரைக்கும் நிம்மதியா தூங்கலாமேன்னு.

எங்க தாத்தா ஊரு மேலூர் பக்கம். கண்மாய்த் தண்ணிய முறை வச்சுப் பாய்ச்சுறதுக்கு ஊருல ஒரு நீர்பாய்ச்சி இருப்பாரு. அவரு ஒவ்வொரு வயலா போய் உனக்கு முறை வந்துருச்சான்னு கேட்டுக்கிட்டு அலைய மாட்டாரு. அடுத்த மடை யாரோடது, எப்பத் தொறக்கணும், அது ஒண்ணு மனசுல இருந்தாப் போதும், அது வரைக்கும் கரைல துண்ட விரிச்சுப் படுத்துருப்பாரு. தொறந்து விட்டதும் அதுக்கடுத்தது யாருன்னு பாப்பாரு. பிரவுன் யோசிச்சதும் இதேதான்.

ஆனா நீர்பாய்ச்சிக்கு இருபது முப்பது வயலுதான். 10 லட்சம் வேலை இருந்து, நடுநடுவுல புதுசு புதுசா வந்துக்கிட்டே இருந்தா, எது மொதன்னு ஒவ்வொரு தடவையும் எல்லாத்தையும் வரிசைப்படுத்த முடியுமா? இதுக்குத்தான் ஹீப்புன்னு ஒண்ணு இருக்கு, 1964ல வில்லியம்ஸ்ங்கிறவரு குடுத்தது. இத மொத மொத பேப்பர்ல போட்டுப் பாத்த அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரல.

ஒரு குடும்ப மரம் மாதிரி நெனச்சுக்கங்க. உச்சில ஒருத்தர், அவருக்குக் கீழ ரெண்டு பிள்ளைங்க, அந்த ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ரெண்டு, இப்படியே கீழ போகுது. ஒரே ஒரு சட்டம்தான், பெத்தவங்களோட நேரம் பிள்ளைங்க நேரத்துக்குப் பிந்தி இருக்கக் கூடாது, அம்புட்டுதான். அண்ணன் தம்பிக்குள்ள யாரு முந்தி யாரு பிந்திங்கிறதப் பத்தி மரத்துக்குக் கவலையே இல்ல. அதுதான் இதோட அழகு, முழுசா வரிசைப்படுத்தாம பாதி ஒழுங்குலயே விட்டுருது, ஆனா சட்டம் நிக்கிற வரைக்கும் எல்லாத்துலயும் முந்துன வேலை உச்சிலதான் இருந்தாகணும்.

உச்சில 4:23 பூக்கணக்கு, கீழ 5:00 பால்கணக்கு, 6:10 பஸ் டிக்கெட் ஞாபகப்படுத்துறது, 5:00க்குக் கீழ 5:40ன்னு வைங்க. இப்ப யாரோ 4:10க்கு ஒரு வேலை போடுறாங்க. அது நேரா உச்சிக்குப் போகாது, கடைசில காலியா இருக்குற எடத்துல, அதாவது 5:00க்கு ரெண்டாவது பிள்ளையா, போய் உக்காரும். பெத்தவர் 5:00, பிள்ளை 4:10, சட்டம் மீறுது, எடம் மாத்து. இப்ப மேல 4:23, திரும்ப மாத்து. உச்சிக்கு வந்துருச்சு, ரெண்டே மாத்துல. 6:10 பக்கம் யாரும் திரும்பிக்கூடப் பாக்கல. பேப்பர் எடுத்துப் போட்டுப் பாருங்க, ரெண்டு நிமிஷம்தான் ஆகும். உச்சி வேலை முடிஞ்சா கடைசில இருக்குறத மேல தூக்கி வச்சு, ரெண்டு பிள்ளைல முந்துனது எதுவோ அதோட மாத்தி மாத்தி அதுக்குண்டான எடத்துக்கு எறக்கி விடணும். அப்புறம் உங்க தினசரி வேலைக்கு 86,400 செகண்டக் கூட்டி நாளைக்குண்டான நம்பரோட திரும்ப உள்ள போட்டுரும். ரெண்டு ரெண்டா விரியிறதால 10 லட்சம் வேலை இருந்தாலும் மரத்தோட உயரம் 20 படிதான், 2ஐ 20 தடவ பெருக்கிப் பாருங்க 10,48,576 வரும். 10 லட்சம் பேர் கூட்டத்துல புதுசா ஒருத்தர் வந்தா கிட்டத்தட்ட 20 பேரக் கேட்டாப் போதும், எடம் தெரிஞ்சுரும்!

உச்சி தெரிஞ்சாச்சா, இப்ப நம்பரக் கழிச்சுப் பாத்து, இன்னும் இத்தன செகண்டுன்னு டைமர்ல ஏத்தி விட்டுட்டு புரோகிராம் தூங்கப் போயிரும். டைமர் எறங்கி எறங்கி பூஜ்யம் ஆனதும் பிராசஸருக்கு ஒரு சிக்னல் போகும், அது புரோகிராம எழுப்பி விடும். ஆக அக்கா, யாரும் முழிச்சிருக்கல.

பிரவுனுக்கு யோசனை குடுத்தது 1977ல வந்த ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை, அது சிமுலேஷன், அதாவது நெஜத்துல நடக்குறத கம்ப்யூட்டர்ல நடத்திப் பாக்குறது சம்பந்தப்பட்டது, அலாரம் வைக்கிறதுக்காக யாரும் அத எழுதல. வில்லியம்ஸ் ஹீப்பக் குடுத்தது நம்பர்கள வரிசைப்படுத்துறதுக்கு. எங்கயோ யாரோ கணக்குப் போட்டது உசிலம்பட்டிக்குப் பூ அனுப்புறதுல வந்து நிக்குது. அதனாலதான் கணக்குல ஆராய்ச்சி பண்ணுற பிள்ளைங்கட்ட இதனால என்ன பிரயோஜனம்னு மொத நாளே கேட்டு ஸ்காலர்ஷிப்புல கை வைக்கிறது பெரிய தப்புன்னு நான் அடிச்சுச் சொல்றேன், பிரயோஜனம் எந்தப் பக்கம் இருந்து வரும்னு குடுக்குறவருக்கும் தெரியாது வாங்குறவருக்கும் தெரியாது.

இப்ப 4:23. அழகர் ஆத்துல எறங்குற அன்னைக்கு ஏ.வி. பாலத்துல நின்னு பாத்திருக்கீங்களா? அத்தன சனமும் ஒரே நேரத்துல ஒரே எடத்துக்கு வந்தா பாலம் எம்புட்டு அகலமா இருந்தாலும் பத்தாது. காலைல 4 மணின்னு நெனைக்கிற எல்லாரும் 4:00ன்னுதான் வைப்பாங்க, 4:23ன்னு யாரும் வைக்க மாட்டாங்க. அதனால ஆப்ஸ் ஸ்கிரிப்ட் நீங்க 4 மணின்னு சொன்னா 4ல இருந்து 5க்குள்ள அதுவா ஒரு நேரத்த எடுத்துக்கும், எடுத்தத தினமும் மாறாமப் பிடிச்சுக்கும். உங்களுக்கு 4:23 விழுந்துருக்கு. தம்பிக்கு 4 மணிக்கு முன்னாடி வேணும்னா 3லேர்ந்து 4னு மாத்தி வைங்க.

டைம்ஸோன மட்டும் ஒரு தடவ பாத்துருங்க. எங்கப்பாவுக்கு மாத்திரை ஞாபகப்படுத்த ஒரு தடவ காலைல 6 மணிக்கு மெயில் வர்ற மாதிரி வச்சேன், சாயங்காலம் 4:30க்குத்தான் வந்துச்சு, ரெண்டு நாள் காலை மாத்திரை விட்டுப் போச்சு, எனக்கு இன்னமும் மனசு கேக்கல. செட்டிங்ல நியூயார்க்னு இருந்துருக்கு, நான் பாக்கல. கொல்கத்தான்னு இருக்கணும், இந்தியா பூராவுக்கும் அந்த ஒண்ணுதான்.

கடைசியா, செவ்வாக்கிழமை சாயங்காலம் 3லேர்ந்து 4:30 ராகு காலம், அந்த நேரத்துல இதத் தொடாதேன்னு மாமியார் சொல்றாங்கன்னு சொன்னீங்க. பெரியவங்க மனசு நோகாம சொல்லுங்க, ஆனா எனக்கு அதுல துளிகூட நம்பிக்க இல்ல. 6லேர்ந்து 6 வரைக்கும் பகல எட்டாக் கூறு போட்டு கிழமைக்கு ஒரு கூறுன்னு மனுஷங்க எழுதி வச்ச அட்டவணை அது, செகண்ட எண்ணுற நம்பருக்குள்ள செவ்வாயும் கெடையாது ராகுவும் கெடையாது. வேணும்னா ஒரு சோதனை பண்ணலாம். ஷீட்ல சும்மா ஒரு வரி எழுதுற மாதிரி இன்னொரு ட்ரிக்கர, அதாவது எப்ப ஓடணும்னு சொல்ற செட்டிங்க, மணிக்கு ஒரு தடவன்னு வச்சு ஒரு மாசம் ஓட விடுங்க, ஸ்கிரிப்ட் பக்கத்துல எக்ஸிக்யூஷன்ஸ்னு ஒரு லிஸ்ட் இருக்கு, எந்த ஓட்டம் முடிஞ்சுச்சு எது ஃபெயில் ஆச்சுன்னு நேரத்தோட காட்டும். நாலு செவ்வாக்கிழமை சாயங்காலத்த மாமியாரையும் பக்கத்துல உக்கார வச்சுப் பாருங்க, என்ன வந்துச்சுன்னு எனக்கு மறக்காம ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுங்க.