வயது வேறு, சாதி வேறு, வசதி வேறு: திருமணப் பதிவு, பாதுகாப்பு, அரசு நிதியுதவி

பெண்ணுக்கு வயது முப்பத்தைந்து, பையனுக்கு இருபத்தாறு. அல்லது அவர் ஐம்பதைத் தொட்டவர், அவளுக்கு இருபத்தெட்டு. இப்படிப்பட்டவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: இவ்வளவு வித்தியாசம் இருந்தால் பதிவு செய்வார்களா? செய்வார்கள். இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் வயது இடைவெளிக்கு வரம்பே கிடையாது. பெண் மூத்தவளாக இருக்கக் கூடாது என்ற விதியும் இல்லை. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிரம்பியிருக்க வேண்டும். சொத்து, சம்பளம், படிப்பு எதையும் சட்டம் கேட்பதில்லை.

ஆனால் அந்த இரண்டு எண்களில் ஒரு நாள்கூட விட்டுக்கொடுக்க முடியாது. பெண்ணுக்குப் பதினெட்டு ஆக ஒரு வாரம் இருக்கும்போது வீட்டை விட்டுக் கிளம்பினால், அவள் தானாகவே வந்ததாகச் சொன்னாலும் அது வழக்கில் நிற்காது. கடத்தல் பிரிவும் போக்சோவும் பையன் மேல் பாயும். பையனுக்கு இருபது என்றால் நிலைமை வேறு. அவன் மேஜர், யாருடன் வாழ்வது என்று முடிவு செய்யலாம். 2018-இல் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது. ஆனால் திருமணம் என்று வந்தால் 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி 21 நிரம்பாத ஆணும் 'குழந்தை'தான். பெண் மூத்தவளாக இருக்கும் ஜோடிகள் அடிபடுவது பெரும்பாலும் இங்கேதான்: அவளுக்கு எல்லாத் தகுதியும் வந்திருக்கும், அவனுக்காகக் காத்திருக்க வேண்டும்.

வயதுக்கு ஆதாரமாக ஆதாரை மட்டும் நம்பாதீர்கள். பிறந்த தேதிக்கு அது சான்றல்ல என்று உச்ச நீதிமன்றம் 2024-இல் தெளிவுபடுத்திவிட்டது. பெண் மைனரா என்று பிரச்சினை எழுந்தால் இளைஞர் நீதிச் சட்டத்தின் வரிசைதான் பொதுவாகப் பின்பற்றப்படும்: முதலில் பள்ளிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்று, அது இல்லாவிட்டால் உள்ளாட்சியின் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாவிட்டால் எலும்புப் பரிசோதனை. பள்ளியில் சேர்க்கும்போது தேதியைத் தள்ளிப்போட்ட வீடுகள் நம் ஊரில் ஏராளம். டி.சி.யில் ஒரு தேதி, பிறப்புச் சான்றில் இன்னொன்று என்றால், இரண்டின்படியும் வயது நிரம்பும் வரை பொறுப்பதே புத்திசாலித்தனம்.

எந்தச் சட்டத்தில் செய்வது

இருவரும் இந்துக்கள் என்றால் சாதி எதுவானாலும் இந்து திருமணச் சட்டமே போதும். பௌத்தர், சமணர், சீக்கியரும் இதில் அடக்கம். தமிழ்நாட்டுக்கென்று அதில் 7-ஏ பிரிவு இருக்கிறது; 1967-இல் சட்டமான சுயமரியாதைத் திருமணம். புரோகிதர் வேண்டாம், அக்கினி வேண்டாம். உறவினர், நண்பர் அல்லது வேறு யாரேனும் முன்னிலையில் ஒருவரையொருவர் கணவன், மனைவியாக ஏற்பதாகச் சொன்னாலோ, மாலையோ மோதிரமோ மாற்றினாலோ, தாலி கட்டினாலோ திருமணம் முடிந்தது. மூன்றில் ஒன்று போதும். ஊரறிய நடத்தினால்தான் செல்லும் என்று 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருந்ததை, 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வீட்டுக்குப் பயந்து ஓடிவந்தவர்களை ஊரைக் கூட்டச் சொல்வது எவ்வளவு அபத்தம்!

ஒருவர் இந்து, மற்றவர் கிறித்தவர் அல்லது முஸ்லிம். யாரும் மதம் மாறப் போவதில்லை என்றால் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். இதில் முன்னறிவிப்பு கட்டாயம். இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் தொடர்ந்து 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். அறிவிப்பை அலுவலகத்தில் ஒட்டுவார்கள். நிரந்தர முகவரி வேறு மாவட்டம் என்றால் அங்குள்ள அலுவலருக்கும் ஒரு பிரதி போகும், அங்கேயும் ஒட்டப்படும். செய்தி கசிவது இந்த இடத்தில்தான். நாம் சென்னையில் மனு கொடுத்திருப்போம். சொந்த ஊர் சார்பதிவாளர் அலுவலகச் சுவரில் பெயரைப் பார்த்தவர் வீட்டுக்குப் போன் போட்டுவிடுவார். மனு கொடுப்பதற்கு முன்பே தங்குமிடத்தையும் வழக்கறிஞரையும் முடிவு செய்துவிட வேண்டும்.

ஆட்சேபணை தெரிவிக்க 30 நாள். 'எங்களுக்குச் சம்மதமில்லை', 'அவன் வேறு சாதி', 'அவளுக்கு வயது அதிகம்' என்பதெல்லாம் ஆட்சேபணையே அல்ல. வயது நிரம்பவில்லை, ஏற்கெனவே கணவனோ மனைவியோ உயிருடன் இருக்கிறார், தடை செய்யப்பட்ட உறவுமுறை, மனநிலை காரணமாகச் சம்மதம் தர இயலாதவர் என்ற காரணங்கள் மட்டுமே செல்லும். வந்த ஆட்சேபணையை அலுவலர் 30 நாளுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். மறுத்தால் அடுத்த 30 நாளுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். திருமண நாளில் மூன்று சாட்சிகள் வேண்டும். அறிவிப்புக் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் திருமணம் நடக்காவிட்டால் அது காலாவதி, திரும்ப முதலிலிருந்துதான்.

எந்த வழியில் நடந்தாலும் பதிவை விடக் கூடாது. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009 எல்லா மதத்தவருக்கும் பொருந்தும். 90 நாளுக்குள் பதிவு. தவறினால் கூடுதல் கட்டணத்துடன் இன்னும் 60 நாள். ஏதாவது ஒரு சங்கம் கொடுத்த அச்சடித்த 'திருமணச் சான்று' மட்டும் கையில் இருந்தால் நிதியுதவிக்கும் உதவாது, பாஸ்போர்ட்டுக்கும் உதவாது.

காவல் நிலையமும் பாதுகாப்பும்

பெண் வீட்டார் முதலில் கொடுப்பது 'காணவில்லை' புகார். அது பலிக்காது என்று தெரிந்தால் அடுத்து வருவது நகைத் திருட்டுப் புகார். பெண் வீடு வசதியானது, பையன் வீடு ஏழை என்றால் இது கட்டாயம் வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே கிளம்பும்போது சொந்தச் சான்றிதழ்கள், உடைகள், சொந்தப் பெயரிலுள்ள வங்கிப் புத்தகம் இவற்றோடு நிற்பது நல்லது. அம்மாவின் வளையல் வேண்டாம். காதில் கிடக்கும் கம்மலைக்கூட ஒரு புகைப்படத்தில் பதிந்து வைக்கலாம்.

தலைமறைவாக இருப்பதைவிட, தாங்களாகவே சொல்லிவிடுவது பாதுகாப்பு. இருவரும் கையெழுத்திட்ட கடிதம்: வயது, திருமண நாள், விருப்பப்படி வந்தது, யாரிடமிருந்து அச்சுறுத்தல். அதை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும், மாநகரம் என்றால் காவல் ஆணையருக்கும், சொந்த ஊர்க் காவல் நிலையத்துக்கும் ஒப்புகையுடன் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். விசாரணைக்கு அழைத்தால் வழக்கறிஞரோடு போங்கள். மேஜர் பெண்ணைப் பெற்றோருடன் அனுப்பிவைக்கும் அதிகாரம் காவல் நிலையத்துக்கு இல்லை. 'ஒரு நாள் மட்டும் அம்மாவோடு இருந்துவிட்டு வா' என்ற பஞ்சாயத்துப் பேச்சுக்கு இறங்கி வரவே கூடாது. பெண்ணைத் திரும்பப் பார்க்க முடியாமல் போனது பல வழக்குகளில் அந்த ஒரு நாளில்தான். அப்படி அடைத்து வைத்துவிட்டால், உயர் நீதிமன்றத்தில், தென் மாவட்டங்கள் என்றால் மதுரைக் கிளையில், ஆட்கொணர்வு மனு போடலாம்.

2018 மார்ச்சில், ஆணவக் கொலைகள் தொடர்பான சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த உத்தரவுகளைக் கடிதத்தில் பெயர் சொல்லிக் கேளுங்கள். அதன்படி காவல் கண்காணிப்பாளர், சமூக நல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் அடங்கிய சிறப்புப் பிரிவு மாவட்டந்தோறும் இருக்க வேண்டும். அச்சுறுத்தல் பற்றிக் கூடுதல் கண்காணிப்பாளர் நிலையிலுள்ளவர் விசாரித்து ஒரு வாரத்தில் அறிக்கை தர வேண்டும். பாதுகாப்பு இல்லத்தில் சிறு கட்டணத்துக்கு ஒரு மாதம் தங்கலாம். தேவைக்கேற்ப மாதம் மாதமாக, மொத்தம் ஓராண்டு வரை நீட்டிக்கலாம். திருமணமாகாத ஜோடிக்கும் இது பொருந்தும். அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181, இலவசச் சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வழக்கறிஞர் உண்டு.

நிதியுதவி

மாநில அரசின் திட்டம், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நினைவு கலப்புத் திருமண நிதியுதவித் திட்டம். மூவலூர் ராமாமிர்தம் திருமண உதவி 2022-இல் புதுமைப் பெண் திட்டமாக மாறியதால் திருமண உதவிகள் எல்லாமே நின்றுவிட்டன என்று பலர் நினைக்கிறார்கள். மாறியது அந்த ஒன்றுதான்.

கலப்புத் திருமண உதவியில் இரண்டு நிலை. படிப்புத் தகுதி தேவையில்லாததில் 25,000 ரூபாய்: 15,000 வங்கிக் கணக்கில், 10,000 தேசிய சேமிப்புப் பத்திரமாக. பட்டம் அல்லது பட்டயம் முடித்திருந்தால் 50,000: 30,000 கணக்கில், 20,000 பத்திரமாக. இரண்டிலும் தாலிக்கு 8 கிராம் தங்க நாணயம், அதாவது ஒரு பவுன். இன்றைய விலையில் பணத்தைவிட அந்த நாணயம்தான் பெரிது. வருமான வரம்பு இல்லை. திருமணம் நடந்து 2 ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

யாருக்குக் கிடைக்கும் என்பதில்தான் ஏமாற்றம் அதிகம். ஒருவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடி, மற்றவர் வேறு வகுப்பு என்றால் உண்டு. ஒருவர் முற்பட்ட வகுப்பு, மற்றவர் பிற்படுத்தப்பட்ட அல்லது மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு என்றாலும் உண்டு. பிற்படுத்தப்பட்டவரும் மிகவும் பிற்படுத்தப்பட்டவரும் மணந்தால் கிடையாது. ஊரில் அந்தக் காதலுக்காக அரிவாள் எடுத்திருந்தாலும் கிடையாது. இன்னொரு சிக்கல்: ஆதிதிராவிடர் கிறித்தவர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார். அவர் பிற்படுத்தப்பட்ட வகுப்பு இந்துவை மணந்தால் தாள்களின்படி இருவரும் ஒரே வகுப்பு. ஊர் பார்க்கும் பார்வை வேறு, சான்றிதழ் பார்க்கும் பார்வை வேறு.

இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் தொடரலாம். இருவரின் சாதிச் சான்று, வயதுச் சான்று, திருமணப் பதிவுச் சான்று, முதல் திருமணம் என்பதற்கான சான்று, ஆதார், வங்கிப் புத்தகம், புகைப்படம். கூடுதல் தொகைக்குப் பட்டம் அல்லது பட்டயச் சான்று. மனு திரும்பி வரப் பெரும்பாலான காரணம் பெயர் எழுத்து வேறுபாடும், முன்னெழுத்து மாறியிருப்பதும். சாதிச் சான்று வீட்டில் மாட்டிக்கொண்டால் அதற்காகத் திரும்பிப் போக வேண்டாம். இணையவழியில் வாங்கியதாக இருந்தால் எண்ணைக் கொண்டு மறுபடி எடுக்கலாம். நாணயம் நிதி ஒதுக்கீட்டைப் பொறுத்து வரும், மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். மனு எண்ணைப் பத்திரப்படுத்துங்கள்.

மத்திய அரசின் அம்பேத்கர் பெயரிலான இரண்டரை லட்சம் ரூபாய்த் திட்டத்தின் பழைய படிவம் இணையத்தில் இன்னும் சுற்றுகிறது. அதை நிரப்பி டெல்லிக்கு அனுப்பும் முன், இப்போதைய நடைமுறை என்னவென்று மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். பணம் வாங்கித் தருகிறேன் என்று கமிஷன் கேட்பவரை அங்கேயே விட்டுவிடுங்கள்.

மணத்தால் யாருடைய சாதியும் மாறாது. அவரவர் சான்று அவரவர்க்கு. பிள்ளைகளுக்குத் தாய், தந்தை இருவரில் யாருடைய வகுப்பையும் பெற்றோர் அறிவிப்பின்படி எடுத்துக்கொள்ளலாம். பள்ளியில் சேர்க்கும் முன்பே இருவரும் பேசி முடிவெடுங்கள். முதல் சான்றில் எழுதியதைப் பிறகு மாற்றுவது பெரும்பாடு.