ஓட்டல் ரோஸ்ட்டும் ஒரு கை தண்ணீரும்

எங்கள் தெருமுனை ஓட்டலில் கை கழுவும் இடத்தை ஒட்டி ஒரு மேஜை உண்டு. யாருக்கும் பிடிக்காத இடம் என்பதால் எப்போதும் காலியாகத்தான் இருக்கும். நான் அதைத்தான் தேடிப் போய் உட்காருவேன். காரணம், அங்கிருந்து பார்த்தால் தோசைக்கல் முழுசாகத் தெரியும்.

"ரெண்டு ரோஸ்ட், ஒரு ஊத்தப்பம்" என்று சப்ளையர் குரல் கொடுக்கிறார். மாஸ்டர் பதில் சொல்வதில்லை. பக்கத்து வாளியில் கையை விட்டு ஒரு வீச்சுத் தண்ணீரைக் கல்மேல் விசிறுகிறார். சொய்ய்ங் என்று ஒரு சத்தம், ஒரு புகைமூட்டம். தென்னங்குச்சித் துடைப்பத்தால் பரபரவென்று ஒரு தேய்ப்பு. அப்புறம்தான் மாவு.

நன்றாகக் காய்ந்திருக்கிற கல்லில் தண்ணீரை ஊற்றி எதற்கு ஆற வைக்க வேண்டும்? எரிகிற கேஸுக்கு நஷ்டம்தானே? நானும் ரொம்ப நாள் அது வெறும் சுத்தம் செய்கிற வேலை என்றே நினைத்திருந்தேன். வீட்டில் தண்ணீர் தெளிக்காமல் கல்லைக் காயவிட்டு மாவை ஊற்றிய அன்றுதான் புரிந்தது. கரண்டியைச் சுற்றுவதற்குள் மாவு அதோடு சுருண்டு எழுந்து வந்துவிட்டது. தோசையும் இல்லை, உப்புமாவும் இல்லை, நடுவில் ஏதோ ஒன்று.

அரிசி மாவில் இருக்கிற ஸ்டார்ச், 70 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் தண்ணீரை உறிஞ்சி வீங்கிக் கூழாக இறுகத் தொடங்கும். கல் 250 டிகிரியில் இருந்தால் மாவின் அடிப்பக்கம் தொட்ட கணத்திலேயே இறுகிவிடும். பிறகு எங்கே இழுப்பது? வட்டமாகத் தேய்க்க ஒன்றிரண்டு விநாடியாவது அவகாசம் வேண்டும். அந்த அவகாசத்தைத்தான் மாஸ்டர் தண்ணீரை விசிறி வாங்கிக்கொள்கிறார்.

தண்ணீர் இந்த வேலையில் படு கெட்டி. கொதிநிலையில் இருக்கும் ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக 2,260 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். ஒரு கிராம் இரும்பை ஒரு டிகிரி ஆற வைக்க 0.45 ஜூல் எடுத்தால் போதும். அதாவது ஒரே ஒரு கிராம் தண்ணீர், நூறு கிராம் இரும்பின் சூட்டை 50 டிகிரி இறக்கிவிடும். விசிறிய தண்ணீர் கல்லின் மேல்தோலைத்தான் ஆற்றுகிறது. உள்ளே இருக்கிற சூடு அப்படியே இருக்கிறது. மாவை இழுத்து முடிப்பதற்குள் அது மேலே வந்து சேர்ந்துவிடும்.

அந்தத் தண்ணீரே சூட்டையும் அளந்து சொல்லும். சொய்ங் என்று பரவி மறைந்தால் பதம் சரி. முத்து முத்தாகத் திரண்டு கல்மேல் ஓடினால் கல் ரொம்பக் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். சுமார் 200 டிகிரியைத் தாண்டிய இரும்பில் சொட்டின் அடிப்பகுதி உடனே ஆவியாகி, அந்த ஆவியே ஒரு மெத்தைபோல மிச்சச் சொட்டைத் தாங்கிப் பிடிக்கும். கல்லைத் தொடாததால் சொட்டு சட்டென்று வற்றாது. 1756-இல் லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மன் மருத்துவர், காய்ச்சிய இரும்புக் கரண்டியில் தண்ணீர்ச் சொட்டு விட்டுப் பார்த்து இதை எழுதி வைத்தார். இந்த விளைவுக்கு அவர் பெயர்தான். நம் மாஸ்டருக்கு அந்தப் பெயர் தேவைப்படவில்லை. முத்து ஓடினால் இன்னொரு கை தண்ணீர், அவ்வளவுதான்.

துடைப்பத்துக்கும் வேலை இருக்கிறது. ஒட்டியிருக்கும் துணுக்கோடு மிச்ச எண்ணெயையும் அது வழித்துவிடும். எண்ணெய் தேங்கினால் மாவு கல்லைப் பிடிக்காமல் வழுக்கும். பிடிக்கவும் வேண்டும், ஒட்டவும் கூடாது. இந்த இரண்டுங்கெட்டான் நிலைக்குத்தான் பழகின கல் வேண்டும் என்கிறோம். திரும்பத் திரும்பச் சூடேறும் எண்ணெய், காற்றோடு வினைபுரிந்து, இரும்பின் நுண்குழிகளில் கறுப்பு வார்னிஷ் மாதிரி இறுகிவிடும். புதுக்கல்லில் அது இருக்காது. சோப்புப் போட்டுக் கம்பி நாரால் தேய்த்தால் பழைய கல்லிலும் போய்விடும்.

வீட்டுத் தோசை ஏன் ஓட்டல் தோசை மாதிரி வருவதில்லை என்று கேட்டால் எல்லோரும் மாவைத்தான் சந்தேகப்படுகிறார்கள். என் சந்தேகம் இரும்பின் மேல். நான்கடி நீளம், இரண்டடி அகலம், 18 மில்லிமீட்டர் கனம் உள்ள ஓட்டல் கல் நூறு கிலோவைத் தாண்டும். ஓரடி அகலத் தோசைக்கு அடியில் மட்டும் பத்து கிலோ இரும்பு இருக்கிறது. வீட்டுக் கல் மொத்தமே இரண்டு கிலோ இருந்தால் அதிகம். நூறு கிராம் மாவைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 25,000 ஜூல் தேவை. அடுப்பு தருவதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், வீட்டுக் கல்லின் சூடு அதிலேயே 28 டிகிரி இறங்கிவிடும். ஓட்டல் கல்லில் ஆறு டிகிரிகூட இறங்காது. வீட்டில் இரண்டாவது தோசை வெளுத்துப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, அந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது? மாவில் தண்ணீர் இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது. அடிப்பக்கம் வற்றி 140 டிகிரியை நெருங்கும்போதுதான் மாவின் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் மளமளவென்று சேரத் தொடங்கும். நிறமும் அந்த முறுகல் வாசனையும் அதில் பிறப்பவைதான். பிரெஞ்சு வேதியியலாளர் மயார் 1912-இல் விவரித்த வினை இது. கரண்டி போன தடத்தில் மெல்லிய பள்ளங்கள் சீக்கிரம் வற்றிச் சிவக்கும், மேடுகள் பின்தங்கும். ரோஸ்ட்டின் மேல் தெரியும் வளையக் கோலம் அப்படித்தான் விழுகிறது.

மாவுக்கும் பங்கு இல்லாமல் இல்லை. உளுந்தோடு வரும் லியூகோநாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் இரவெல்லாம் சர்க்கரையைத் தின்று அமிலமும் கரியமில வாயுவும் விடுகின்றன. அளவோடு புளித்தால் ருசி. ஃபிரிட்ஜில் மூன்று நாள் கிடந்து அதிகம் புளித்த மாவில் சர்க்கரையும் குறைவு, அமிலம் மயார் வினையை மந்தமாக்கவும் செய்யும். ஓட்டல்களில் கொஞ்சம் கடலைப்பருப்போ ரவையோ ஒரு சிட்டிகை சர்க்கரையோ சேர்ப்பது சும்மா இல்லை.

இதற்குள் என் கோன் ரோஸ்ட் தயார். கல்லில் இருக்கும்போது அது துணி மாதிரி வளையும். மாஸ்டர் ஒரு பக்கம் கீறி, சுற்றி, தொப்பியாக நிறுத்துகிறார். தட்டு மேஜைக்கு வருவதற்குள் விறைத்துவிடுகிறது. சூட்டில் நெகிழ்ந்திருக்கும் ஸ்டார்ச், ஆறும்போது கண்ணாடியைப் போல இறுகுகிறது. ஒடித்தால் மொறுக்கென்று கேட்கும் சத்தம் அந்த இறுக்கம் உடைகிற சத்தம்.

பக்கத்து மேஜைக்காரர் அதே ரோஸ்ட்டைப் பார்சல் கேட்டார். மடித்து, இலையில் வைத்து, தாளில் சுற்றி, நூல் கட்டியாயிற்று. விரட்டிய தண்ணீர் ஆவியாக உள்ளேயே மாட்டிக்கொண்டது. ஸ்டார்ச் அதைக் குடித்துத் திரும்ப நெகிழும். வீட்டில் பிரிக்கும்போது அது ரோஸ்ட் இல்லை, மடித்து வைத்த துண்டு. காய்ந்த கல்லில் எண்ணெய் விடாமல் அரை நிமிடம் போட்டால் பாதி முறுகல் திரும்ப வரும். சட்னியைத் தனியாகக் கட்டச் சொல்லியிருந்தால்.