தலைக்குள் கட்டி இருக்கிறது, ஆபரேஷன் இப்போது வேண்டாம்

இப்போதெல்லாம் ஸ்கேன் ரிப்போர்ட் டாக்டர் கைக்கு வருவதற்கு முன்பே வாட்ஸ்ஆப்பில் குடும்பம் முழுக்கச் சுற்றி வந்துவிடுகிறது. பைக்கில் இருந்து விழுந்ததற்காக எடுத்த சி.டி. ஸ்கேன், தலைசுற்றலுக்காக எடுத்த எம்.ஆர்.ஐ., பல வருட ஒற்றைத் தலைவலிக்கு ‘எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடுவோம்’ என்று எடுத்தது என்று ஏதாவது ஒன்று. ரிப்போர்ட்டின் கடைசி வரியில் ‘மெனிஞ்சியோமா’ என்று இருக்கும். மருமகன் அதற்குள் கூகுளில் தேடியிருப்பார். சித்தப்பா சென்னையில் யாரிடமோ விசாரித்திருப்பார். நான்கு பேர் என் அறைக்குள் வந்து உட்காரும்போது மூன்று பேர் முகத்தில் ஏற்கெனவே ஒரு முடிவு தெரியும். விஷயத்தை முழுதாகச் சொல்லாமல் கூட்டி வந்திருப்பது பெரும்பாலும் நோயாளியைத்தான்.

முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “கேன்சரா டாக்டர்?”

மெனிஞ்சியோமா மூளையிலிருந்து வளர்வது இல்லை. மூளையைச் சுற்றியுள்ள உறைகளில் நடு உறையின் செல்களிலிருந்து கிளம்புகிறது. வெளியிலிருந்து உள்ளே அழுத்துமே தவிர, பெரும்பாலும் மூளைக்குள் வேர் விடுவதில்லை. மூளைப் பகுதியில் தோன்றும் கட்டிகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் இந்த வகைதான். இதில் சுமார் 80 சதவீதம் உலக சுகாதார அமைப்பின் தரவரிசையில் முதல் தரம், அதாவது சாதுவானவை. பெண்களிடம் ஆண்களைவிட இரண்டு மடங்கு அதிகம். வயது ஏற ஏற இன்னும் அதிகம்.

எவ்வளவு சாதாரணம் என்பதற்கு நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரத்தில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்வேன். 45 வயதைத் தாண்டிய 2,000 பொதுமக்களுக்குத் தலையில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். அதில் 18 பேருக்கு மெனிஞ்சியோமா இருந்தது. ஸ்கேன் எடுக்காவிட்டால் அவர்களில் பலருக்கு அது இருப்பதே கடைசி வரை தெரியாமல் போயிருக்கலாம். நம் ஊரில் ஸ்கேன் சென்டர்கள் பெருகப் பெருக, இப்படித் தற்செயலாகக் கண்ணில் படும் கட்டிகளும் பெருகத்தான் செய்யும்.

சாது என்றவுடன் கவலையே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மண்டை ஓட்டுக்குள் இடம் குறைவு. மூளையின் மேல்பரப்பில் இரண்டு சென்டிமீட்டர் கட்டி ஒன்றும் செய்யாமல் இருக்கும். பார்வை நரம்பை ஒட்டி ஒரு சென்டிமீட்டர் இருந்தாலே கண் மங்கும். அதனால் எல்லோரையும் நான் காத்திருக்கச் சொல்வதில்லை. கட்டியைச் சுற்றி மூளையில் வீக்கம், வலிப்பு, பார்வைக் குறைவு, ஒரு பக்கப் பலவீனம், பெரிய அளவு இவற்றில் ஏதாவது இருந்தால் பேச்சு வேறு. அறிகுறி இல்லாமல், தற்செயலாகத் தெரியவந்த சின்னக் கட்டிக்குத்தான் இந்தக் கட்டுரை.

அடுத்த வாக்கியமும் மாறுவதே இல்லை. “அதுதான் சின்னதா இருக்கே, இப்பவே எடுத்துப் போட்டுடுங்க டாக்டர்.”

நான் அறுவைச் சிகிச்சை செய்பவன்தான். எடுக்கத் தெரியும், எடுத்தும் இருக்கிறேன். ஆனால் மூளை ஆபரேஷன் என்பதில் கட்டியின் அளவு மட்டும் கணக்கில்லை. மண்டை ஓட்டைத் திறக்க வேண்டும், உறையை வெட்ட வேண்டும், பக்கத்தில் ஓடும் பெரிய ரத்த நாளத்தைத் தொடாமல் இருக்க வேண்டும். ரத்தக்கசிவு, தொற்று, பக்கவாதம், காலில் ரத்தக்கட்டு எல்லாம் அரிதானாலும் வரக்கூடியவை. அதுவரை ஒரு தடவைகூட ஃபிட்ஸ் வராத சிலருக்கு ஆபரேஷனுக்குப் பிறகு முதல்முறையாக வருவதும் உண்டு. எந்தத் தொந்தரவும் இல்லாமல் நடந்து வந்தவருக்கு நான் ஒரு தொந்தரவைக் கொடுத்து அனுப்புவதற்கு, கட்டி எனக்கு ஒரு நல்ல காரணம் காட்ட வேண்டும். இன்னொரு விஷயத்தைச் சொன்னால் பலர் ஆச்சரியப்படுவார்கள்: கட்டியை முழுதாக எடுத்தாலும் ஸ்கேன் நிற்காது. திரும்ப வளர்கிறதா என்று வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். ‘எடுத்துவிட்டால் நிம்மதி’ என்ற கணக்கு அங்கேயே உதைக்கிறது.

காமா நைஃப் பற்றியும் கேட்பார்கள். கத்தி இல்லை, மண்டையைத் திறப்பதில்லை. குறி பார்த்துச் செலுத்தும் கதிர்வீச்சு அது. நல்ல சிகிச்சைதான், வளரும் சின்னக் கட்டிகளுக்கு நானே அனுப்புகிறேன். ஆனால் அது கட்டியை மறையவைப்பதில்லை, வளர்ச்சியை நிறுத்துவதுதான் அதன் நோக்கம். தானாகவே வளராமல் இருக்கும் கட்டிக்கு அது அவசரமாகத் தேவைப்படாது.

சரி, காத்திருப்பது என்றால் என்ன செய்வது? ஐரோப்பிய நரம்புப் புற்றுநோய் மருத்துவர்களின் சங்கம் தரும் வழிகாட்டுதலைத்தான் நானும் ஏறக்குறையப் பின்பற்றுகிறேன். முதல் ஸ்கேனுக்கு ஆறு மாதம் கழித்து ஒன்று. பிறகு வருடத்துக்கு ஒன்று. ஐந்து வருடம் மாற்றமே இல்லை என்றால் இரண்டு வருடத்துக்கு ஒன்று. ஆறு மாத ஸ்கேனுக்கு ஒரு தனி முக்கியத்துவம் உண்டு. பயாப்ஸி, அதாவது கட்டியிலிருந்து துளி எடுத்துச் சோதிப்பது, இல்லாமல் படத்தை மட்டும் பார்த்துச் சொன்ன நோய் இது. வேறு ஏதாவது மெனிஞ்சியோமா போல வேஷம் போட்டிருந்தால், உதாரணமாக மார்பகப் புற்றுநோய் மூளை உறையில் வந்து ஒட்டியிருந்தால், அந்த ஆறு மாதத்தில் பெரும்பாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். முன்பு புற்றுநோய் இருந்தவர்களுக்கு இந்த இடைவெளியை இன்னும் குறைப்பேன்.

படத்தில் சில குறிப்புகளும் கிடைக்கும். கட்டிக்குள் சுண்ணாம்பு படிந்திருந்தால் அது மெதுவாக வளரும் அல்லது வளரவே வளராது. இளம் வயது, சுற்றிலும் வீக்கம், எம்.ஆர்.ஐ.யின் குறிப்பிட்ட ஒரு வகைப் படத்தில் கட்டி வெள்ளையாகத் தெரிவது, இவை இருந்தால் கொஞ்சம் உஷாராக இருப்பேன்.

அளவு விஷயத்தில்தான் வீண் பீதி அதிகம். போன வருடம் 18 மில்லிமீட்டர், இந்த வருடம் 19 என்று ரிப்போர்ட் வந்தால் அன்று இரவு யாரும் தூங்குவதில்லை. வேறு சென்டர், வேறு மெஷின், தலை கொஞ்சம் சாய்ந்த நிலை, அளந்தவர் வேறு ஆள், இவை போதும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கு. கொய்யாக்காயை எந்த இடத்தில் வெட்டினீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் அகலம் மாறும் இல்லையா, அதுபோல. அதற்காகச் சின்ன வித்தியாசத்தை ஒதுக்கிவிடவும் முடியாது. 20 மில்லிமீட்டர் 23 ஆனால் விட்டம் கொஞ்சம்தான் கூடியிருக்கிறது, ஆனால் மொத்தக் கன அளவு பாதிக்கு மேல் கூடிவிட்டது. இதில் இன்னொரு பொறியும் உண்டு. வருடம் ஒரு மில்லிமீட்டர் என்று ஐந்து வருடம் வளர்ந்த கட்டியை ஒவ்வொரு தடவையும் போன வருடப் படத்தோடு மட்டும் ஒப்பிட்டால் ‘பெரிய மாற்றம் இல்லை’ என்றே ரிப்போர்ட் வந்துகொண்டிருக்கும். முதல் படத்தோடு ஒப்பிட்டால்தான் வளர்ச்சி கண்ணில் படும்.

அதனால் நான் கெஞ்சிக் கேட்பது அந்த முதல் ஸ்கேனின் படங்கள் இருக்கும் சி.டி. தகட்டைத்தான். ஃபிலிம் போதாது, டைப் செய்த ரிப்போர்ட் போதவே போதாது. அந்தத் தகட்டை வாங்கி, மகன் லேப்டாப்பில் ஒரு காப்பி, பென் டிரைவில் ஒரு காப்பி வைத்துக்கொள்ளுங்கள். சென்டர்கள் பழைய படங்களைக் காலத்துக்கும் வைத்திருக்கும் என்று நம்பாதீர்கள். முடிந்தவரை ஒரே இடத்தில், ஒரே முறையில் எடுங்கள். செலவு ஒரு பிரச்சினை என்றால் அரசு மருத்துவமனைகளில் உள்ள ஸ்கேன் மையங்களில் குறைந்த கட்டணத்தில் எடுக்கலாம். படம் தெளிவாகத் தெரிவதற்கான கான்ட்ராஸ்ட் ஊசி போடுவதற்கு முன் சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் சொல்லிவிடுங்கள், கர்ப்பமாக இருந்தாலும் சொல்லுங்கள்.

பயந்துபோய் அவசர ஆபரேஷனுக்கு ஓடுகிறவர்களைவிட, என்னை அதிகம் கவலைப்பட வைப்பவர்கள் வேறு. முதல் வருடம் கையில் ஃபைலோடு முதல் ஆளாக வந்து உட்காருவார்கள். இரண்டு ஸ்கேன் நன்றாக வந்துவிட்டால் காணாமல் போவார்கள். மகள் கல்யாணம், வீட்டு வேலை, அப்புறம் ‘அதுதான் ஒண்ணும் இல்லேன்னு சொல்லிட்டாங்களே’. இப்படி ஏழு வருடம் கழித்துத் திரும்பி வந்த ஓர் அம்மாவுக்குப் பார்வை பாதிக்கு மேல் குறைந்திருந்தது. கண்ணாடியை மூன்று முறை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். கட்டி விஷயத்தைக் கண் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கட்டியை எடுத்தோம். அழுத்தம் குறைந்தாலும், நாள்பட நசுங்கிக் கிடந்த நரம்பு முழுதாகத் திரும்பவில்லை. வளரும் கட்டிகளில் பெரும்பாலானவை முதல் ஐந்து வருடத்துக்குள் தங்கள் குணத்தைக் காட்டிவிடும். அந்த ஐந்து வருடத்தில்தான் ஆட்கள் காணாமல் போகிறார்கள்.

அடுத்த ஸ்கேன் தேதி வரை காத்திருக்காமல் உடனே வர வேண்டியவை: முதல்முறை வலிப்பு, ஒரு கை அல்லது கால் பலமிழப்பது, பேச்சு தடுமாறுவது, பார்வை ஓரங்களில் மறைவது, வாசனை தெரியாமல் போவது, காலையில் வாந்தியோடு வந்து நாளுக்கு நாள் கூடும் தலைவலி. குணம் மாறுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன் மூளையை அழுத்தும் கட்டியில் மனிதர் மந்தமாகி, எதிலும் ஆர்வம் இல்லாமல் ஆவார். வீட்டில் அதை வயசாகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள். மற்றபடி வெயிலில் போனால், தூக்கம் கெட்டால் வரும் அந்தப் பழைய தலைவலி கட்டியால் வருவது இல்லை. ஒற்றைத் தலைவலிக்கு அதற்குரிய மருந்தைச் சாப்பிடுங்கள். ஃபிட்ஸ் ஒருமுறைகூட வராதவருக்கு ஃபிட்ஸ் மாத்திரை தேவையில்லை. யாரோ எழுதிக் கொடுத்ததை வருடக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருப்பவர்கள் தாங்களாகவே நிறுத்தாமல், கேட்டு நிறுத்துங்கள்.

பெண்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. இந்தக் கட்டிகள் பலவற்றில் புரொஜெஸ்டிரோன் ஹார்மோனுக்கான ஏற்பிகள், அதாவது அந்த ஹார்மோன் வந்து ஒட்டும் இடங்கள், இருக்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியில் இருக்கும் மெட்ராக்ஸிபுரொஜெஸ்டிரோனை நீண்ட காலம் பயன்படுத்தியவர்களுக்கு, ஆபரேஷன் தேவைப்படும் மெனிஞ்சியோமா வரும் வாய்ப்பு அதிகம் என்று 2024-இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வு காட்டியது. நம் அரசு மருத்துவமனைகளில் ‘அந்தரா’ என்று இலவசமாகப் போடுவது இந்த மருந்துதான். ஊசி போட்ட எல்லோரும் பயப்பட வேண்டாம், தனி ஒருவருக்கு ஆபத்து மிகக் குறைவு. ஆனால் கட்டி இருப்பது தெரிந்தவர்கள் வேறு கருத்தடை முறைக்கு மாறுவதுதான் சரி. முகத்தில் முடி, பருக்களுக்குக் கொடுக்கும் சைப்ரோடிரோன் மாத்திரைக்கும் இதே பேச்சு. மகப்பேறு மருத்துவரிடம் கட்டி விஷயத்தை மறைக்காதீர்கள்.

கட்டியைக் கரைக்கும் மருந்து என்று ஒரு வியாபாரம் நடக்கிறது. ஆறு மாத கோர்ஸ், பாட்டில் பாட்டிலாக. சாப்பிட்டவர் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார், கட்டி வளர்ந்திருக்காது. வளராமல் இருப்பதுதான் இந்தக் கட்டிகளில் பலவற்றின் சுபாவம். அந்தப் பெருமை பாட்டிலுக்குப் போய்விடும். மருந்து கொடுத்தவர் ஸ்கேனையும் நிறுத்தச் சொல்லியிருந்தால்தான் எனக்குக் கோபம் வரும்.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது மறைக்கலாமா என்று கேட்கிறார்கள். மறைக்காதீர்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024-இல் வந்த விதிகளின்படி அதிகபட்சம் மூன்று வருடம்தான். மறைத்தது தெரியவந்தால் கிளெய்ம் மொத்தமும் போகும். வேலை, பயணம், உடற்பயிற்சி எதற்கும் தடை இல்லை. வண்டியும் ஓட்டலாம், வலிப்பு வராதவரை. வந்துவிட்டால் அன்றே சாவியைக் கொடுத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

வயதானவர்களுக்குக் கணக்கு வேறு. எண்பதைத் தாண்டிய ஒருவருக்குப் பத்து வருடமாகக் கட்டி அப்படியே இருக்கிறது என்றால், ஸ்கேனை நிறுத்திவிடலாம் என்றே சொல்வேன். அறிகுறி ஏதாவது வந்தால் மட்டும் வரட்டும். தாத்தா உடனே ஒத்துக்கொள்வார், அந்த மெஷின் சத்தம் அவருக்குப் பிடிக்காது. மகன்கள்தான் மனசு வராமல் அடுத்த வருடத்துக்கும் எழுதித் தரச் சொல்வார்கள். அவர்களிடம் இன்னொரு பத்து நிமிடம் பேச வேண்டியிருக்கும்.